பிறவித் தைரொயிட் குறைபாடு: யாழ்ப்பாணத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பிள்ளை பிறந்து, ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்து, வீடு மெல்ல வழமைக்குத் திரும்பும் நேரத்தில் ஓர் அழைப்பு வருகிறது: "குதிக்காலில் எடுத்த இரத்தத்தில் தைரொயிட் பிரச்சினை மாதிரிக் காட்டுது, பிள்ளையைக் கொண்டு வாங்கோ." அதன்பிறகு அந்த வீட்டில் எழும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. மருந்தின் அளவையும் அதில் செய்யும் மாற்றங்களையும் உங்கள் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியரே தீர்மானிப்பார். அவர் சொல்வது எதற்காக என்று விளங்கிக்கொள்ள இந்தப் பக்கம் உதவும்.

இது என்ன வருத்தம்?

கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே தைரொயிட் சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் தைரொக்சின் என்ற ஹோர்மோன்தான் உடல் இயங்கும் வேகத்தையும் எலும்பின் வளர்ச்சியையும் நடத்துகிறது. பெரியவர்களுக்கு அது குறைந்தால் களைப்பு, மலச்சிக்கல், நிறை கூடுதல் என்று வரும்; குளிசை எடுத்தால் போய்விடும். பிறந்த பிள்ளையின் நிலை வேறு. முதல் 2, 3 வருடங்களில் மூளை வளரத் தைரொக்சின் கட்டாயம் வேண்டும். அந்தக் காலத்தில் கிடைக்காமல் போனதைப் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் ஈடுகட்ட முடியாது.

நினைக்கிற அளவுக்கு இது அபூர்வமும் அல்ல. உலகில் ஏறத்தாழ 2000 முதல் 4000 பிறப்புக்கு ஒரு பிள்ளை இப்படித் தைரொக்சின் போதாமல் பிறக்கிறது. அறிவு வளர்ச்சி குன்றுவதற்கான காரணங்களில், முன்கூட்டியே தடுக்கக்கூடியவை என்று பார்த்தால் இது முன்வரிசையில் நிற்கிறது. தடுப்பதற்கு வேண்டியது ஒரு துளி இரத்தமும் நாளுக்கு ஒரு சின்னக் குளிசையும்.

பிள்ளை நல்லாத்தானே இருக்கிறாள், பால் குடிக்கிறாள். எப்படி வருத்தம் என்று சொல்வது?

இந்த வருத்தத்தில் மிக ஆபத்தான வசனம் இதுதான். வயிற்றில் இருக்கும்போது தாயின் தைரொக்சினில் ஒரு பங்கு நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. பிள்ளையின் சுரப்பி அடியோடு இல்லாவிட்டாலும் அந்தப் பங்கு ஓரளவு காப்பாற்றிவிடும். பிறந்த பிறகும் தாயிடமிருந்து வந்தது சில நாள் இரத்தத்தில் இருக்கும். ஆகவே நூற்றுக்கு 95க்கு மேற்பட்ட பிள்ளைகள் பிறக்கும்போது பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமலேதான் இருப்பார்கள். நிறை சரி, நிறம் சரி, அழுகை சரி.

தாயிடமிருந்து வந்தது தீர்ந்த பிறகுதான் பற்றாக்குறை தொடங்கும். அது வெளியே தெரியக் கிழமைகள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதற்குள் மூளைக்கான காலம் ஓடிக்கொண்டிருக்கும். அறிகுறி தெரியட்டும், பிறகு பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

அப்படியென்றால் அறிகுறியே இல்லையா?

இருக்கிறது, பிந்தி வரும். செங்கமாரி இரண்டு கிழமை கடந்தும் விடாமல் நிற்பது, பாலுக்கு எழுப்ப வேண்டிய அளவுக்கு நித்திரை, மலம் போகாமை, கரகரத்த அழுகை, உடம்பு தொய்ந்து கிடப்பது, தோல் வறண்டு குளிர்ந்திருப்பது, நாக்கு தடித்து வெளியே தெரிவது, தொப்புள் பிதுங்கி நிற்பது, தலையின் பின்பக்க உச்சிக்குழி வழமையைவிட அகலமாக இருப்பது.

இவற்றில் பலவற்றை வீட்டில் நல்ல குணமாகவே எடுத்துக்கொள்வார்கள். "என்ன சாதுவான பிள்ளை, அழுகிறதே இல்லை" என்று அம்மம்மா பெருமைப்படுவார். செங்கமாரிக்கு இளவெயிலில் பிடித்தால் போதும் என்று அயலில் சொல்வார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகும் மஞ்சள் இருந்தால் வெயிலில் பிடித்துக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். தைரொயிட் அல்லாத, ஈரல் தொடர்பான வேறு காரணமும் இருக்கலாம். அதுவும் காத்திருக்கக்கூடியது அல்ல.

குதிக்காலில் ஏன் குத்துகிறார்கள்? எப்போது?

குதிக்காலின் ஓரத்தில் சின்னதாகக் குத்தி, வரும் துளிகளை ஒரு தடித்த வடிதாள் அட்டையின் வட்டங்களில் ஊறவிட்டு, காயவைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அதில், தைரொயிட் வேலை செய்யாதபோது கூடும் டிஎஸ்எச் என்ற ஹோர்மோனின் அளவைப் பார்ப்பார்கள். 1970களின் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ழான் துசோ என்ற மருத்துவர், இப்படி உலர்ந்த இரத்தத் துளியில் தைரொயிட்டைச் சோதிப்பதைத் தொடக்கிவைத்தார். இலங்கையில் 2010இல் தென் மாகாணத்தில் தொடங்கி, பிறகு படிப்படியாக மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. மூத்த பிள்ளைக்கு ஏன் எடுக்கவில்லை என்று சிலர் கேட்பதற்கு விடை இதற்குள் இருக்கிறது.

பிறந்தவுடனே எடுப்பதில்லை. வெளியுலகத்தின் குளிர் பட்டதும் எந்தப் பிள்ளைக்கும் டிஎஸ்எச் சட்டென்று ஏறி, ஒன்றிரண்டு நாளில் இறங்கும். 24 மணித்தியாலத்துக்கு முன் எடுத்தால் நல்ல பிள்ளைக்கும் அது கூடுதலாகக் காட்டும். மிகப் பொருத்தமான நேரம் 48 முதல் 72 மணித்தியாலம். சுகப்பிரசவம் என்று மறுநாளே வீட்டுக்கு அனுப்பும் வேளையில் அவ்வளவு காத்திருக்க முடியாது. அப்போது 24 மணித்தியாலம் கடந்ததும், போகுமுன் எடுத்துவிடுவது நல்லது. எடுக்காமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

விடுதியை விட்டு வெளிக்கிடுமுன் தாதியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பிள்ளைக்குத் தைரொயிட் இரத்தம் எடுத்தாச்சா?" பிள்ளையின் சுகாதாரக் கொப்பியில் அது பதியப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அட்டையில் எழுதும் தொலைபேசி இலக்கம் கட்டாயம் வேலை செய்வதாக இருக்க வேண்டும். பிள்ளைப்பேற்றுக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருப்பவர்கள் அந்த வீட்டு விலாசத்தையும் கொடுக்க வேண்டும். முடிவு வந்தும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் நாள் போவது, சோதனை செய்யாததற்குச் சமன்.

திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். வருத்தம் உறுதியா?

இல்லை. அட்டைச் சோதனை சந்தேகத்தை மட்டும் எழுப்பும். திரும்ப அழைக்கப்படும் பிள்ளைகளில் பலருக்கு நாளத்தில் எடுத்த இரத்தம் சாதாரணமாகவே வரும். சில நேரம் வட்டம் சரியாக நிரம்பவில்லை, அட்டை ஈரப்பட்டுவிட்டது என்பதற்காகவும் கூப்பிடுவார்கள். அதற்கு ஒரு பயமும் வேண்டாம்.

ஆனால் போவதில் பிந்தக்கூடாது. துடக்குக் கழியட்டும், 31 முடிந்த பிறகு வெளிக்கிடலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், இந்த ஒரு விடயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். மருந்து தொடங்கவேண்டிய எல்லை பிறந்து இரண்டு கிழமை. 31ஆம் நாள் அந்த எல்லைக்கு வெகுதூரம் அப்பால் இருக்கிறது. தாயால் வர இயலாவிட்டால் தகப்பனும் அம்மம்மாவும் பிள்ளையைக் கொண்டு போகலாம். பாலுக்கு மட்டும் வழி செய்துகொள்ளுங்கள்.

துண்டில் டிஎஸ்எச், எஃப்டி4 என்று இருக்கிறது. எது கூடினால் கூடாது?

டிஎஸ்எச் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வருகிறது. "தைரொக்சின் சுர" என்று தைரொயிட்டுக்குச் சொல்வது அதன் வேலை. கூப்பிட்ட ஆள் வராவிட்டால் குரலை உயர்த்துவோமே, அதுபோல தைரொயிட் வேலை செய்யாதபோது டிஎஸ்எச் மேலே மேலே ஏறும். எஃப்டி4 என்பது இரத்தத்தில் உண்மையில் இருக்கும் தைரொக்சின். டிஎஸ்எச் மிகக் கூடி, எஃப்டி4 குறைந்திருந்தால் வருத்தம் உறுதி.

அட்டையில் டிஎஸ்எச் 40க்கு மேல் இருந்தால், நாள இரத்தம் எடுத்த கையோடு, அதன் முடிவுக்குக் காத்திராமலே மருந்து தொடங்குவது வழக்கம். நாள இரத்தத்தில் 20க்கு மேல் இருந்தால், எஃப்டி4 சாதாரணமாக இருந்தாலும் தொடங்கச் சொல்வார்கள். அதற்குக் கீழே, 6க்கும் 20க்கும் இடையில் நிற்பவர்கள்தான் வைத்தியருக்கும் தலையிடி. எஃப்டி4 சரியாக இருந்தால் ஒன்றிரண்டு கிழமையில் திரும்பப் பார்ப்பார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை இரத்தம் எடுத்தால், வைத்தியருக்குத் தெரியவில்லை என்று எண்ணி இடம் மாறாதீர்கள். இடம் மாறினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும், நாளும் போகும்.

ஸ்கான் எடுக்க வேண்டுமா?

எடுத்தால் நல்லது, எடுக்காமலும் மருந்து தொடங்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கான், சுரப்பி கழுத்தில் இருக்கிறதா என்று காட்டும். டெக்னீசியம் என்ற மிகச் சிறிய அளவு கதிரியக்கப் பொருளை ஏற்றி எடுக்கும் ஸ்கான், சுரப்பி இடம் மாறி நாக்கின் அடியில் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். இதற்குரிய கருவி ஒரு சில இடங்களில்தான் இருக்கிறது. மருந்து தொடங்கிய முதல் சில நாட்களுக்குள்ளும் இதை எடுக்கலாம். திகதி கிடைக்கவில்லையென்றால் மருந்தைத் தள்ளிப்போடக்கூடாது. சரியான காரணத்தைப் பிள்ளைக்கு 3 வயதான பிறகும் பார்த்துக்கொள்ளலாம். சில வைத்தியர்கள் முழங்காலுக்கு எக்ஸ்ரே கேட்பார்கள். வயிற்றிலேயே எவ்வளவு காலம் குறைபாடு இருந்தது என்பதை எலும்பின் வளர்ச்சி ஓரளவு சொல்லும்.

ஏன் வந்தது? நான் சாப்பிட்டது ஏதும் காரணமா?

இல்லை. இதைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எங்கள் வீடுகளில் பிள்ளைக்கு எது வந்தாலும் விரல் முதலில் தாயை நோக்கித்தான் நீளும். கிரகணத்தில் வெளியே போனாள், அன்னாசி தின்றாள், மரவள்ளிக் கிழங்கு தின்றாள் என்று யாராவது தொடங்குவார்கள். அவற்றில் ஒன்றும் இதற்குக் காரணமில்லை.

பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல், கருவின் தொடக்கக் கிழமைகளில் சுரப்பி உருவாவதில் ஏற்படும் பிசகே காரணம். சுரப்பி நாக்கின் அடியில் உருவாகி, கீழிறங்கிக் கழுத்துக்கு வர வேண்டும். சிலருக்கு அது உருவாகவே இல்லை, சிலருக்குப் பாதி வழியில் நின்றுவிடுகிறது, சிலருக்கு மிகச் சிறியதாக இருக்கிறது. பெரும்பாலும் இதற்குக் குடும்பத் தொடர்பு கிடையாது. பெண் பிள்ளைகளில் ஆண் பிள்ளைகளைப் போல ஏறத்தாழ இரு மடங்கு.

மிச்சமுள்ளவர்களில் பெரும்பாலோருக்குச் சுரப்பி இடத்தில் இருக்கும், ஹோர்மோனைச் செய்யும் வேலையில் பழுது. இது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான மரபணு வந்து சேரும்போது வருவது. மச்சான் மச்சாள் கல்யாணம் போலச் சொந்தத்துக்குள் முடித்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கொஞ்சம் கூட. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அடுத்த பிள்ளையைப் பற்றிக் கதைக்கும்போது வைத்தியருக்கு இந்தத் தகவல் வேண்டும், அவ்வளவுதான்.

தற்காலிகமாக வருவதும் உண்டு. தாய்க்குத் தைரொயிட் அதிகமாகச் சுரக்கும் வருத்தம் இருந்து அதற்கு மருந்து எடுத்திருந்தால், அல்லது அவரது இரத்தத்திலுள்ள சில எதிர்ப்பொருட்கள் பிள்ளைக்குக் கடந்து போயிருந்தால், பிள்ளையின் சுரப்பி சில கிழமையோ மாதமோ அடங்கிக் கிடக்கும். பிறந்த பிள்ளையின் தோலில் அயடின் கலந்த கிருமிநீக்கியைத் தாராளமாகப் பூசினாலும் இப்படி நடக்கலாம். அப்புறம், தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் எடுக்கும் தாய்மார் அந்தக் குளிசையால்தான் பிள்ளைக்கு வந்தது என்று நினைத்து நிறுத்திவிடக்கூடாது. அது பிள்ளைக்குக் கெடுதல் செய்வதில்லை, பால் கொடுக்கும் காலத்திலும் தொடரலாம்.

என்ன மருந்து? எவ்வளவு?

லீவோதைரொக்சின் குளிசை. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியது எதுவோ, குளிசையில் இருப்பதும் அதே பொருள்தான். 1914ஆம் ஆண்டு நத்தார் நாளில் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இங்கிலீஷ் மருந்தா" என்று தயங்குபவர்களுக்கு: இல்லாததை நிரப்புகிறோம், புதிதாக எதையும் உடம்புக்குள் திணிக்கவில்லை.

தொடக்க அளவு நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். 3 கிலோ பிள்ளை என்றால் 30 முதல் 45 மைக்ரோகிராம். நிறைக்கு ஏற்ப இது பெரியவர்களின் அளவைவிடப் பல மடங்கு. பாமசியில் யாராவது "இது கூடவாக்கும்" என்று புருவத்தைத் தூக்கினால் கலங்க வேண்டாம். ஆனால் அலகைக் கவனியுங்கள். 50 மைக்ரோகிராம் என்பதும் 0.05 மில்லிகிராம் என்பதும் ஒன்று. ஒரு பெட்டியில் ஒரு விதமாகவும் துண்டில் இன்னொரு விதமாகவும் எழுதியிருக்கும். சந்தேகம் என்றால் பெட்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டி, "இதில் எத்தனை பங்கு?" என்று கேளுங்கள். குளிசையின் பலம் 25, 50, 100 என்று வெவ்வேறாக வரும். போன மாதம் அரைக் குளிசை கொடுத்தோம், இந்த மாதமும் அரைதான் என்று கொடுத்தால், பெட்டி மாறியிருக்கும்போது அளவு இரட்டித்துவிடும்.

எப்படிக் கொடுப்பது?

அன்றன்றைய பங்கை அன்றன்றே பொடியாக்குங்கள். இரண்டு கரண்டிகளுக்கு இடையில் வைத்து நசுக்கினால் போதும். ஒன்றிரண்டு மில்லிலீற்றர் தாய்ப்பாலில் அல்லது கொதித்தாறிய தண்ணீரில் கலக்கி, கரண்டியாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ கன்னத்தின் உட்பக்கமாக மெல்ல விடுங்கள். கரண்டியில் ஒட்டியிருப்பதையும் இன்னும் சில துளி பாலால் கழுவிக் கொடுத்துவிடுங்கள். குளிசையின் அளவே மிகச் சிறியது, ஒட்டிக்கொண்டு போவதும் கணக்கில் வரும்.

செய்யக்கூடாதவை இரண்டு. ஒன்று, போத்தல் பால் முழுவதிலும் கலக்குவது. பிள்ளை பாதியில் விட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. மற்றது, ஒரு கிழமைக்குச் சேர்த்துக் கரைத்து பிரிட்ஜில் வைப்பது. தண்ணீரில் இந்த மருந்து நிலைத்து நிற்காது, பலம் குறையும். பாமசியில் கலக்கித் தரும் பாணிமருந்திலும் இதே சிக்கல் வரும் என்பதால் குளிசையே நல்லது.

நேரம்? காலையோ இரவோ, உங்களுக்கு மறக்காத நேரம். வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது என்றாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் குடிக்கும் பிள்ளைக்கு வெறும் வயிறு எங்கே இருக்கிறது? நாளுக்கு நாள் ஒரே நேரத்தில், ஒரே விதத்தில் கொடுப்பதுதான் முக்கியம். அப்படிக் கொடுத்தால் வைத்தியர் அதற்கேற்ப அளவைச் சரிப்படுத்திவிடுவார்.

சத்தி எடுத்துவிட்டால்? மறந்துவிட்டால்?

கொடுத்துக் கால் மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொரு தடவை கொடுக்கலாம். வாயோரம் கொஞ்சம் பால் கக்குவது கணக்கில் இல்லை. காலையில் மறந்தால் அன்றைக்குள் ஞாபகம் வந்த நேரம் கொடுங்கள். தைரொக்சின் இரத்தத்தில் நாட்கணக்கில் நிற்கும் மருந்து, ஒரு நாள் தவறியதற்காகக் கலங்க வேண்டியதில்லை. கிழமைக்கு இரண்டு மூன்று நாள் தவறுகிறது என்றால் அது வேறு. அதை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இரத்தத்தில் டிஎஸ்எச் கூடியிருப்பதைப் பார்த்து அளவைக் கூட்டிவிடுவார்கள். கலண்டரில் கோடு போடுவது பழைய வழிதான், ஆனாலும் தாய், தகப்பன், அம்மம்மா என்று மூன்று பேர் மாறி மாறிக் கொடுக்கும் வீட்டில் அதைவிட நல்லது இல்லை. இரண்டு பேர் கொடுத்துவிடும் தவறும் அதனால் தவிரும்.

யாழ்ப்பாண வெக்கையில் குளிசையை எங்கே வைப்பது?

வெயில் படாத, அடுப்படியில் இல்லாத, ஈரமில்லாத அலுமாரி. பெட்டியில் 25 பாகைக்குக் கீழே என்று எழுதியிருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் தகரக் கூரை வீட்டில் அது நடக்காது. வீட்டிலேயே குளிர்ந்த அறையைப் பார்த்து வையுங்கள். பல மாதத்துக்குச் சேர்த்து வாங்காமல் தேவைக்கு வாங்குங்கள். தகட்டிலிருந்து முன்கூட்டியே உடைத்து வேறு டப்பாவில் போடாதீர்கள். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தகப்பன்மாருக்கும் சேர்த்துத்தான் இது.

வேறு எதனோடு சேரக்கூடாது?

இரும்பு, கல்சியம், சோயா. இந்த மூன்றும் குடலில் தைரொக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். நிறை குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்துத் துளிகள், 6 மாதத்துக்குப் பிறகு கிளினிக்கில் கிடைக்கும் நுண்போசணைப் பொடி, சோயா சேர்ந்த சத்துமாவான திரிபோஷ எல்லாம் இதில் அடங்கும். இவற்றை நிறுத்த வேண்டாம்; பிள்ளைக்குத் தேவையானவைதான். தைரொக்சினுக்கும் இவற்றுக்கும் இடையில் 4 மணித்தியாலம் விட்டால் சரி. காலையில் குளிசை, பின்னேரம் திரிபோஷ என்று வைத்துக்கொள்வது எளிது. தாய் திரிபோஷ சாப்பிடுவதால் பிள்ளையின் மருந்துக்கு ஒன்றும் ஆகாது.

தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடுங்கள். தாய் குடிக்கும் சரக்குத் தண்ணி, சாப்பிடும் மீன், கோவா, மரவள்ளி எதையும் இதற்காக நிறுத்த வேண்டாம். தடுப்பூசிகள் எல்லாம் உரிய நாளில் போடலாம். காய்ச்சலுக்கு பரசிற்றமோல் கொடுக்கலாம். காய்ச்சல் நாளிலும் தைரொக்சினை விடக்கூடாது.

அயடின் உப்புக் கொடுத்தால் சரிவராதா? பரியாரியாரின் மருந்து?

ஆனையிறவில் விளைந்ததோ அம்பாந்தோட்டையில் விளைந்ததோ, சமையலுப்பில் அயடின் சேர்ப்பது இலங்கையில் 1995 முதல் கட்டாயம். கர்ப்பிணிகளுக்கு அது மிக நல்லது. ஆனால் சுரப்பியே இல்லாத பிள்ளைக்கு அயடின் கொடுத்து என்ன பயன்? அதைக் கொண்டு ஹோர்மோன் செய்ய அங்கே ஆள் இல்லை. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் சாப்பாட்டில் உப்புச் சேர்ப்பதும் கூடாது.

நாட்டு வைத்தியத்தில் நம்பிக்கை உள்ள குடும்பங்களோடு வாதாடுவதில் அர்த்தமில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம்: இங்கே குறைவது ஒரு குறிப்பிட்ட ஹோர்மோன், அதை மூலிகை எதுவும் தராது. குளிசையை நிறுத்திவிட்டு வேறு எதையும் முயன்று பார்க்கும் காலம் இந்த வயது அல்ல. வேறு மருந்து கொடுப்பதாக இருந்தால் அதையும் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

பக்கவிளைவு உண்டா?

சரியான அளவில் இல்லை. அளவு கூடினால் தெரியும்: நித்திரையில்லாமல் சிணுங்குவது, வியர்ப்பது, அடிக்கடி மலம் போவது, நெஞ்சு வேகமாக அடிப்பது, நன்றாகக் குடித்தும் நிறை கூடாமை. நீண்ட காலம் கூடிய அளவு போனால் மண்டையோட்டு எலும்புகள் நேரத்துக்கு முன் ஒட்டிக்கொள்ளலாம். ஆகவேதான் இரத்தம் அடிக்கடி பார்க்கிறார்கள்.

எத்தனை தடவைதான் இந்தப் பிஞ்சுக் கையில் குத்துவது?

முதல் வருடத்தில் கொஞ்சம் அதிகம்தான். தொடங்கி 1, 2 கிழமையில் ஒன்று; டிஎஸ்எச் வழமைக்கு வரும்வரை இரண்டு கிழமைக்கு ஒன்று; அதன்பிறகு ஒரு வயது வரை 1 முதல் 3 மாதத்துக்கு ஒன்று; 3 வயது வரை 2 முதல் 4 மாதத்துக்கு ஒன்று; பிறகு வளர்ச்சி முடியும்வரை 3 முதல் 6 மாதத்துக்கு ஒன்று. அளவை மாற்றினால் 4 முதல் 6 கிழமையில் இன்னுமொன்று. பிள்ளை வளர வளர நிறை கூடும், அளவும் அதற்கேற்ப மாற வேண்டும். ஒரு வயதிலும் பிறந்தபோது கொடுத்த அதே கால் குளிசையைக் கொடுத்துக்கொண்டிருந்தால், மருந்து கொடுத்தும் குறைபாடு இருக்கும்.

இரத்தம் எடுக்கும் நாளில் அன்றைய குளிசையை, இரத்தம் எடுத்து முடிந்த பிறகு கொடுங்கள். இல்லையென்றால் கொடுத்து 4 மணித்தியாலம் கழித்து எடுக்கட்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு போன்ற தீவுகளில் இருப்பவர்களுக்குக் குறிகட்டுவான் படகும் அங்கிருந்து பஸ்ஸும் என்று ஒரு நாளே போய்விடும். அப்படியானவர்கள் கிளினிக் திகதியையும் இரத்தத் திகதியையும் ஒரே நாளில் போட்டுத் தரக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குளிசை முடியும் நாளுக்கு ஒரு கிழமை முன்பே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது.

படிப்பாளா? மற்றப் பிள்ளைகள் மாதிரி வருவாளா?

இரண்டு கிழமைக்குள் சரியான அளவில் தொடங்கி, ஒழுங்காகக் கொடுத்த பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்கிறார்கள், படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள். வயிற்றிலேயே மிகக் கடுமையான குறைபாடு இருந்த சிலருக்கு ஞாபகம், கவனம், கணக்கு போன்றவற்றில் சிறிய சிரமங்கள் இருக்கலாம். அவை தெரிந்தால் ஆசிரியரிடமும் வைத்தியரிடமும் கதைத்து உதவி தேடலாம். காது கேட்கும் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். இந்தப் பிள்ளைகளில் கேட்டல் குறைவு சற்றுக் கூடுதலாக இருக்கிறது. கேட்காததைப் படிப்பில் மந்தம் என்று நினைத்துவிடுவது சுலபம்.

பிந்தித் தொடங்கியவர்கள் கேட்பார்கள்: எங்கள் பிள்ளைக்கு மூன்றாம் மாதத்தில்தான் தெரிந்தது, இனி என்ன? அன்றே தொடங்குங்கள். போனதில் ஒரு பங்கு திரும்பாமல் இருக்கலாம், ஆனால் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. உடல் வளர்ச்சி நன்றாகவே திரும்பிப் பிடிக்கும். பேச்சும் நடையும் பிந்தினால் அதற்கான பயிற்சிகளையும் சேர்த்துத் தொடங்க வேண்டும்.

வாழ்நாள் முழுக்கவா?

சுரப்பி இல்லை, அல்லது இடம் மாறி இருக்கிறது என்று ஸ்கானில் உறுதியானால், ஆம். அப்படி உறுதியாகாதவர்களுக்கு 3 வயது கடந்ததும், வைத்தியரின் கண்காணிப்பில் 4 கிழமை அளவில் மருந்தை நிறுத்தி இரத்தம் பார்ப்பார்கள். டிஎஸ்எச் ஏறினால் தொடர வேண்டும், ஏறாவிட்டால் குளிசைக்கு விடை கொடுக்கலாம். 3 வயதில் ஏன்? மூளையின் வேகமான வளர்ச்சி அதற்குள் முடிந்துவிடும், சில கிழமை இடைவெளி அதைப் பாதிக்காது. ஒன்றரை வயதில் இரத்தம் நன்றாக வந்தது என்று பெற்றோர் தாமாக நிறுத்துவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். அந்த நல்ல முடிவு குளிசையால் வந்தது.

குறைமாதப் பிள்ளை, இரட்டைப் பிள்ளைகளுக்கு?

இவர்களுக்கு ஒரு சோதனை போதாது. குறைமாதப் பிள்ளையின் டிஎஸ்எச் பிந்தித்தான் ஏறும். முதல் சோதனை சரியாக இருந்தாலும் இரண்டு கிழமை அளவில் மறுபடி எடுக்க வேண்டும். மிக நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கடும் சுகவீனமாக இருந்தவர்களுக்கும் இதே முறை. உருவொத்த இரட்டையர் வயிற்றில் இரத்தம் பகிர்ந்திருப்பார்கள் என்பதால் ஒருவரின் குறைபாட்டை மற்றவரின் ஹோர்மோன் மூடி மறைத்துவிடலாம். இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தால் அதற்கு முன்பே அட்டைச் சோதனைக்கு இரத்தம் எடுத்துவிடுவது நல்லது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குத் தைரொயிட் குறைபாடு வர வாய்ப்பு அதிகம், அவர்களுக்குத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

சோதனை சரி என்றார்கள், ஆனாலும் பிள்ளை சோர்ந்து கிடக்கிறது.

திரும்பக் காட்டுங்கள். அட்டைச் சோதனை டிஎஸ்எச்சை மட்டும் பார்க்கிறது. பிட்யூட்டரியே பழுதானால் டிஎஸ்எச் ஏறாது, சோதனை "சரி" என்றே சொல்லும். இது மிக அரிது. அடிக்கடி இரத்தச் சீனி குறைவது, விடாத செங்கமாரி, ஆண் பிள்ளையில் மிகச் சிறிய ஆணுறுப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் வைத்தியர் எஃப்டி4, கோர்ட்டிசோல் என்ற இன்னொரு ஹோர்மோன் இரண்டையும் பார்ப்பார். கோர்ட்டிசோலும் குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் தைரொக்சின் தொடங்க வேண்டும்.

வெளிநாடு போகிறோம். என்ன கொண்டு போவது?

அட்டைச் சோதனையின் முடிவு, மருந்து தொடங்குமுன் எடுத்த முதல் நாள இரத்த முடிவு, ஸ்கான் எடுத்திருந்தால் அதன் படமும் அறிக்கையும், இப்போதைய அளவு மைக்ரோகிராமில் எழுதிய கடிதம், பிள்ளையின் கொப்பி. முதல் இரத்த முடிவு தொலைந்துவிட்டால் ரொறன்ரோவிலோ லண்டனிலோ உள்ள வைத்தியருக்கு வருத்தம் எவ்வளவு கடுமை, ஏன் மருந்து தொடங்கினார்கள் என்று தெரியாது. மருந்தை நிறுத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டிவரும். குளிசையைக் கைப்பையில் கொண்டு போங்கள், பொதியில் போட வேண்டாம்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா?

சுரப்பி உருவாகாமல் போன வகை என்றால் திரும்ப வரும் வாய்ப்பு மிகக் குறைவு. சுரப்பி இருந்தும் ஹோர்மோன் செய்ய முடியாத வகை என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. எந்த வகையாக இருந்தாலும் அடுத்த கர்ப்பம் பதியும்போது குடும்பநல உத்தியோகத்தரிடம் மூத்த பிள்ளையின் விபரத்தைச் சொல்லி, கர்ப்பிணிக் கொப்பியில் எழுதுவியுங்கள். பிறந்ததும் அந்தப் பிள்ளையின் முடிவை விரைவாகப் பெற அது உதவும். இப்போது மருந்து எடுக்கும் மகள் ஒரு நாள் தாயாகும்போது, கரு தங்கியது தெரிந்த உடனேயே தைரொக்சின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். பதின்ம வயதில் கிளினிக்கை விட்டு விலகும் பிள்ளைகளுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.